இரும்பு தொட்ட இடம்

என் தங்கைக்குச் செய்து கொடுத்த முதல் தோல் கைப்பட்டையில் பத்தாம் நாளே கறை விழுந்தது. பிரஸ் பட்டனைச் சுற்றி, மை தீட்டியது போல ஒரு கறுப்பு வளையம். அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. சோப்பு நுரை வைத்துத் தேய்த்தேன். சுற்றியிருந்த தோல் வெளிறியதே தவிர, வளையம் அசையவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து செய்த பொருள் அது. கையில் வைத்துப் பார்க்கப் பார்க்க மனம் ஆறவில்லை.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே குடை விரித்து உட்கார்ந்து செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கறையைப் பார்க்கவே இல்லை. குத்தூசியின் முனையால் பட்டனை ஒரு கீறு கீறினார். மஞ்சள் பூச்சு உரிந்து, அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது.

"இது பித்தளை இல்லை அம்மா, இரும்பு. தோல் மரப்பட்டையில் பதப்படுத்தியது. இரும்பும் வியர்வையும் சேர்ந்தால் இந்தத் தோல் கறுத்துத்தான் போகும்."

"கறையை எடுக்க முடியுமா ஐயா?"

"எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துப் பாருங்கள். முழுசாகப் போகாது. வேண்டுமானால் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடுங்கள். எங்கள் அப்பா அப்படித்தான் செய்வார்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அடுத்த ஆறு மாதம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

கடுக்காயைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்புதான் பச்சைத் தோலைப் பதப்படுத்துகிறது. அழுகக்கூடிய தோலின் நாருக்குள் துவர்ப்பு புகுந்து கட்டிக்கொண்டால் அது அழுகாத தோலாகிவிடும். நம் பக்கத்தில் இதற்கு முற்காலத்தில் ஆவாரம்பட்டையை ஊறவைத்தார்கள். பிறகு வாட்டில் என்ற மரத்தின் பட்டை வந்தது. முடிவில் கடுக்காய்ச் சாற்றில் போட்டெடுத்து எண்ணெய் பூசுவார்கள். திருச்சி விமான நிலையத்தை ஒட்டிய செம்பட்டிலும் திண்டுக்கல்லிலும் இந்த வகைத் தோல் பல தலைமுறைகளாகத் தயாராகிறது. கிழக்கிந்தியத் தோல் என்று பெயர் வாங்கி, புவிசார் குறியீடும் பெற்றது இதுதான்.

துவர்ப்பும் இரும்பும் சந்தித்தால் கறுப்பு பிறக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மையில் நம் முன்னோர் எழுதியது இந்தக் கறுப்பால்தான். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயில் நனைத்துக் காயவைத்து, இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறவைத்துப் புளித்த நீரால் கோடு இழுப்பார்கள். துணியில் பட்டதும் அந்தக் கோடு கறுக்கும். என் தங்கையின் மணிக்கட்டில் நடந்ததும் அதே காரியம். வெல்லத் தண்ணீருக்குப் பதில் வியர்வை, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் முதலில் செய்தது, வீட்டிலிருந்த தோல் துண்டுகள் எல்லாவற்றையும் தரையில் பரப்பியதுதான். சென்னை போயிருந்தபோது பெரியமேட்டில் எடைக்கு வாங்கிவந்த மூட்டை அது. கைப்பை, காலணி செய்து மிஞ்சிய வெட்டுத் துண்டுகள். வாங்கும்போது நிறம் பார்த்து, மென்மை பார்த்து அள்ளிப்போட்டிருந்தேன். எது எந்தப் பதம் என்று கேட்கத் தெரியவில்லை. இப்போது ஒவ்வொன்றையும் ஓரத்தில் சீவிப் பார்த்தேன். பட்டையில் பதப்படுத்திய தோலின் உள்ளும் புறமும் ஒரே மாதிரி மரநிறமாக இருக்கும். குரோம் உப்பில் பதப்படுத்தியதன் நடுவில் பெரும்பாலும் நீலம் பாய்ந்த சாம்பல் நிறம் தெரியும். சாயம் உள்வரை இறங்கியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். அப்போது விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்பேன். பூச்சில்லாத பட்டைத் தோல் நீரை உடனே உறிஞ்சி அந்த இடத்தில் நிறம் அடர்ந்துவிடும். மூட்டையில் முக்கால் பங்கு குரோம் தோலாக இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துக் காலணி வேலைக்கு அதிகம் ஓடுவது அதுதான் என்பதால் இதில் வியப்பில்லை.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்றால், வீட்டில் தோல் நகை செய்கிறவருக்கு வேண்டிய ஏறக்குறைய எல்லா வித்தையும் பட்டைத் தோலிடம்தான் பலிக்கும். நனைத்து வளைத்தால் வளைந்தபடி காயும். நகத்தால் அழுத்தினால் அந்தப் பிறை அப்படியே நிற்கும். ஓரத்தைத் தேய்த்தால் கண்ணாடி போல மினுங்கும். குரோம் தோல் நனைந்தாலும் காய்ந்தாலும் தன் இஷ்டப்படி தொய்ந்து கிடக்கும். அதற்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது கைப்பட்டையை 2 மி.மீ. தடிப்புள்ள மாட்டுத்தோலில் தொடங்கினேன். வாரை முதுகுப் பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். வயிற்றுப் பகுதித் தோல் இழுத்தால் நீளும். கையில் போட்டுக் கழற்றிய ஒரே மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். துண்டு எந்தப் பகுதி என்று தெரியாவிட்டால் இரண்டு கையாலும் இரு திசையிலும் இழுத்துப் பார்த்து, குறைவாக நீளும் திசையில் வார் பிடிக்கலாம். தங்கையின் மணிக்கட்டுச் சுற்றளவு 15.5 செ.மீ. பின்னல் வார் என்பதால் 24 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம் எடுத்தேன்.

வெட்டுவதற்கு எஃகு அளவுகோலும் புது பிளேடு போட்ட கட்டரும் போதும். பிளேடு புதிதாக இருப்பது எல்லாவற்றிலும் முக்கியம். மழுங்கிய பிளேடு தோலை வெட்டாது, தள்ளும். தள்ளிய இடத்தில் ஓரம் அலையலையாக வரும். ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல், அளவுகோலை நகர்த்தாமல் அதே கோட்டில் மூன்று நான்கு முறை மெதுவாக இழுத்தால் நேராக விழும். அளவுகோலைப் பிடிக்கும் கையின் விரல்கள் விளிம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று இழைப் பின்னலில் ஒரு அழகான புதிர் உண்டு. வாரின் இரு முனைகளிலும் 3 செ.மீ. விட்டுவிட்டு நடுவில் மட்டும் நீளவாக்கில் இரண்டு கீறல் போட வேண்டும். இப்போது மூன்று இழைகள், ஆனால் இரு முனைகளும் மூடியிருக்கின்றன. முனை மூடியிருக்கும்போது ஜடை பின்னுவது எப்படி? கீறலின் நான்கு கோடிகளிலும் முதலில் சிறு துளை போட்டுக்கொண்டேன். அது இல்லாவிட்டால் பின்னும்போது கீறல் நீண்டு முனை வரை கிழிந்துவிடும். பிறகு வாரைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தேன். மேலே சாதாரண ஜடை போலப் பின்னத் தொடங்கினால், கீழே அதற்கு எதிரான முறுக்கு தானாக விழும். மூன்று மாற்று (ஓர் இழை அடுத்ததைத் தாண்டுவது ஒரு மாற்று) பின்னியதும் கீழ் முனையை அப்படியே தூக்கி, அந்த முறுக்கை அவிழ்க்கும் இழை இடைவெளியில் நுழைத்து மறுபக்கம் எடுக்க வேண்டும். இன்னும் மூன்று மாற்று, மறுபடி ஒரு நுழைப்பு. இரண்டாவது நுழைப்புக்குப் பிறகு வார் தட்டையாகப் படுத்துவிடும். அந்த ஆறு மாற்றுகள் ஒரு சுற்று. என் வாருக்கு இரண்டு சுற்று தேவைப்பட்டது. முதல் முறை தவறான இடைவெளியில் நுழைத்து முடிச்சு விழுந்தது. அவிழ்த்து, மறுபடி நனைத்து, காகிதத்தில் ஒரு மாதிரி செய்து பார்த்துவிட்டு வந்தபின் சரியாயிற்று. ஈரம் காய்வதற்குள் இழைகளை விரலால் நகர்த்தி இடைவெளியைச் சமப்படுத்தி, ஒரு டம்ளரில் சுற்றித் துணியால் கட்டி நிழலில் வைத்தேன். காய்ந்தபோது 24 செ.மீ. வார் 21.5 செ.மீ. ஆகியிருந்தது. முனைகளை மணிக்கட்டுக்குத் தகுந்தபடி குறைத்துக்கொண்டேன்.

நிழலில் காயவைப்பது என்று சொல்கிறேனே, அதைக் கற்றுக்கொண்டது ஒரு மழைநாளில். இலை வடிவத் தொங்கட்டான்கள் ஆறு வெட்டி, நனைத்து, வளைத்து வைத்திருந்தேன். காலைக்குள் காயாது என்று தோன்றியது. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. பாத்திர மூடியின் மேல் ஒரு தட்டை வைத்து அதில் இலைகளைப் பரப்பினேன். பத்து நிமிடத்தில் ஆறும் சுருங்கி, முறுகி, பொரித்த வடகம் போல ஆகிவிட்டன. ஈரமாக இருக்கும் பட்டைத் தோல் சுமார் 80 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். சுருங்கியது திரும்பி வராது. குரோம் தோல் கொதிநீரையே தாங்கும், பட்டைத் தோல் தாங்காது. காற்றுப்படும் இடத்தில் ஓர் இரவு விட்டுவிடுவதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை.

இப்போது கறுப்புக்கு வருகிறேன்.

செய்முறை எளிது: வெள்ளை வினிகரில் இரும்பை ஊறவைத்து, கரைந்த நீரைத் தோலில் பூசுவது. நான் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைக் கண்ணாடி ஜாடியில் போட்டு வினிகர் ஊற்றி மாடியில் வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நார் புதுப் பாத்திரம் போலப் பளபளத்துக்கொண்டிருந்தது. கடைகளில் கிடைக்கும் அந்த நார் எவர்சில்வர். துருப்பிடிக்காமல் இருப்பதற்கென்றே செய்யப்பட்ட உலோகம் வினிகரில் எப்படிக் கரையும்? பிறகு ஹார்டுவேர் கடையில் இரும்புப் பஞ்சு கேட்டு வாங்கினேன். துருப்பிடித்த பழைய ஆணிகளும் ஆகும், ஆனால் நாள் பிடிக்கும். இரும்புப் பஞ்சில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பால் அதை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் போட வேண்டும். மூடியை இறுக்கக் கூடாது. இரும்பு கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும். இறுக்கினால் ஜாடி வெடிக்கும் அபாயம் உண்டு. வாயில் துணியைக் கட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாமல், குழந்தைகள் கை எட்டாத வெளியிடத்தில் வையுங்கள். முதல் நாளிலேயே பஞ்சிலிருந்து சிறு குமிழிகள் வரிசையாக ஏறும். பத்துப் பன்னிரண்டு நாளில் பஞ்சு பெரும்பாலும் கரைந்து, நீர் இளம் துருநிறத்தில் நின்றது. பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டினேன்.

முதலில் ஒரு வெட்டுத் துண்டில் சோதித்தேன். தூரிகையில் தொட்டு ஒரு கோடு இழுத்தேன். இழுத்த நொடியில் அது வெறும் ஈரக்கோடு. கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாறு வினாடிக்குள் விளிம்பில் சாம்பல் படர்ந்தது. அது நீலம் கலந்த சாம்பலாகி, உள்ளே இறங்கி, அரை நிமிடத்தில் கறுத்தது. சாயம் வெளியிலிருந்து வந்து சேரும் நிறம். இது தோலே கறுத்துக்கொள்வது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், உள்ளேயும் கறுப்பாக இருந்தது. பக்கத்தில் கிடந்த குரோம் துண்டில் அதே நீரை ஒரு சொட்டு வைத்தேன். மங்கலான துருக்கறை மட்டும் விழுந்தது. எது எந்தப் பதம் என்று பிரிக்க இதைவிட நல்ல சோதனை எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது ஒரு சிறு குப்பியில் இந்த நீரை வைத்திருக்கிறேன், புதுத் துண்டு வந்தால் மூலையில் ஒரு சொட்டு.

சில துண்டுகள் கறுப்பாகாமல் கருஞ்சாம்பலிலேயே நின்றன. அவற்றில் துவர்ப்பு குறைவு. துவர்ப்பு குறைந்த தோலுக்குக் கடுந்தேநீர் பூசுவது பலரும் செய்வது. நான் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி, இரண்டு கரண்டிப் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு வடிகட்டிப் பூசினேன். முழுக்க ஆறியிருக்க வேண்டும். இட்லிப் பாத்திரத்தை மறந்துவிடாதீர்கள். அது காய்ந்தபின் இரும்பு நீர். இந்த முறை நீலம் துளியும் இல்லாமல் காக்கைக் கறுப்பு வந்தது.

பூசி முடித்ததும் வேலை முடிந்துவிடாது. வினிகரின் புளிப்பு தோலில் தங்கினால் நாளடைவில் அது வறண்டு வெடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் சோடா கரைத்து அதில் அலசி, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினேன். பாதி ஈரம் இருக்கும்போதே இரண்டு மூன்று சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துத் தடவினேன். கூடினால் தோல் தளர்ந்துவிடும், ஆகவே சொட்டுக் கணக்குதான். இரும்பு நீரைக் கெட்டியாக வைத்திருந்தால் சம அளவு தண்ணீர் கலந்து இரு முறை பூசுவது நல்லது. வேலை முழுக்கக் கையுறை போடுங்கள். நான் முதல் நாள் போடவில்லை. தோலைத் தொட்ட விரல்கள் கறுத்து, இரண்டு நாள் அப்படியே இருந்தன.

இலைத் தொங்கட்டான்களை மறுபடி வெட்டினேன். இந்த முறை 1 மி.மீ. ஆட்டுத்தோல். மாதிரிக்கு எங்கள் தெருப் புங்கமரத்து இலைகள். பெரிய இலையை அப்படியே தோலில் வைத்து வரையாமல், 4 செ.மீ. நீளமுள்ள கொழுந்துகளாகத் தேடி எடுத்தேன். நனைத்த தோலில் நடு நரம்பைத் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி இழுத்து, அந்தக் கோட்டோடு விரல்களால் கிள்ளி மடித்தேன். கிளை நரம்புகளை முதலில் இருபுறமும் நேருக்கு நேராக இழுத்திருந்தேன், மீன்முள் போலத் தெரிந்தது. உண்மை இலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவை ஒன்றுவிட்டு ஒன்றாக, விளிம்பை நோக்கி வளைந்து போகின்றன. அதைப் பின்பற்றியபோது தோல் இலையாகிவிட்டது. சுட்டுவிரலில் ஒரு பாதியைச் சுற்றி முறுக்கிவிட்டு, இரவு காயவைத்து, மறுநாள் கறுப்பேற்றினேன். ஆறில் இரண்டை மட்டும் மரநிறத்திலேயே விட்டேன். வெயில் படப் பட அவை தேன்நிறமாகிக்கொண்டிருக்கின்றன, எனக்கு அவைதான் பிடித்திருக்கிறது. காதுக் கொக்கிக்கு வெள்ளி வாங்கினேன். மலிவான கொக்கிகளில் நிக்கல் இருக்கும்; பலருக்கு அது காதில் அரிப்பையும் புண்ணையும் கொடுக்கும். தோலுக்குச் செலவானதைவிடக் கொக்கிக்குக் கூடுதலாகச் செலவானது, பரவாயில்லை.

குரோம் துண்டுகளை வீணாக்கவில்லை. மென்மையான சிவப்புத் தோலில் 15 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம் எடுத்து, நீள விளிம்பில் ஒரு செ.மீ. விட்டு, மீதியை 3 மி.மீ. இழைகளாக வெட்டினேன். வெட்டாத விளிம்பில் பசை தடவி, வளையம் கோத்த ஒரு சிறு வாரைச் சுற்றி இறுக்கி உருட்டினால் குஞ்சம். சாவிக்கொத்துக்கு, கைப்பைக்கு, காதுக்கு என்று அளவை மாற்றிச் செய்யலாம். ஆடித் தொங்கும் பொருளுக்கு இந்தத் தோலின் தொய்வே அழகு.

ஓரம் மெருகேற்றுவதில்தான் நான் அதிகப் பொறுமை காட்டுகிறேன், காட்டவும் வேண்டும். 400 எண் உப்புத்தாளால் ஓரத்தைச் சமப்படுத்தி, ஈரவிரலால் ஒரு தடவு தடவி, பூரிக்கட்டையின் கைப்பிடியால் வேகமாகத் தேய்ப்பேன். இரண்டு நிமிடத்தில் நார்கள் படிந்து, விளிம்பு மரக்கட்டை போல வழுவழுப்பாகும். கடைசியில் தேன்மெழுகைத் தேய்த்து, பருத்தித் துணியால் சூடேற அழுத்தித் துடைத்தால் முடிந்தது. இதைச் செய்யாத கைப்பட்டையும் செய்த கைப்பட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், தோலைப் பற்றி எதுவும் தெரியாதவர்கூட இரண்டாவதைத்தான் கையில் எடுப்பார்.

பட்டன் வாங்கப் போகும்போது இப்போது குளிர்பெட்டியில் ஒட்டும் சிறு காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். காந்தத்தில் ஒட்டினால் அது என்ன நிறத்தில் மின்னினாலும் வேண்டாம். ரிவெட், வளையம், கொக்கி எல்லாவற்றுக்கும் இதே சோதனை. கடைக்காரர் முதல் முறை முகம் சுளித்தார். இரண்டாம் முறை தானே ஒரு டப்பாவை எடுத்து, "இது ஒட்டாது அம்மா, பாருங்கள்" என்று முன்னால் வைத்தார்.

முதல் கைப்பட்டையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. பெரியவர் சொன்னபடி எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டு வளையத்தின்மேல் ஒற்றினேன். கறுப்பு கரைந்து சாம்பல் நிழலாக நின்றது, அதற்குமேல் போகவில்லை. நன்றாக அலசிக் காயவைத்து, இரும்புப் பட்டனைத் துளையோடு வெட்டி எடுத்தேன். அதனால் முனை ஒரு செ.மீ. குட்டையானது. பித்தளைப் பட்டன் வைத்து அந்தக் குறையைச் சரிக்கட்ட, மறுமுனையில் ஒரு சிறு வார்த்துண்டை ஒட்டுப்போட்டேன். இரண்டு ஊசி, ஒரே நூல்; மெழுகிட்ட நூலின் இரு கோடியிலும் ஊசி கோத்து, ஒரே துளை வழியாக எதிரெதிராக நுழைத்து இழுக்கும் தையல். இந்தத் தையலில் ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மீதி பிரிந்து வராது. துளைகளைச் சம இடைவெளியில் குறிக்க, சாப்பிடும் முள்கரண்டியை அழுத்திக்கொண்டே போனேன். பிறகு கடுக்காய் நீர், இரும்பு நீர், சோடா அலசல், எண்ணெய். தங்கை அன்று மாலை அலுவலகத்திலிருந்து வந்ததும் மாட்டிக்கொண்டு விளக்கின் கீழே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த வளையம் எங்கே போயிற்று அக்கா?" என்றாள்.

அங்கேயேதான் இருக்கிறது. வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால், புதுப் பட்டனுக்கு ஒரு விரற்கடை தள்ளி, சுற்றியுள்ள கறுப்பைவிடக் கொஞ்சம் ஆழ்ந்த கறுப்பாக, பாதி வட்டம் தெரியும்.